அகஸ்டோபொலிஸ் நகர நிர்மாணமும் மூன்று பன்றிகளும்

நகரங்களெல்லாம் ஆற்றங்கரையில் பிறந்தவை என்பது சரித்திரம் படித்தவர்கள் சொல்லும் சாதாரணச் செய்தி. அகஸ்டோபொலிஸ் நகரம் ஆற்றுக்குள்ளேயே பிறந்தது. இந்தப் பெருமை ரோமாபுரிக்குக் கிடையாது, லண்டனுக்குக் கிடையாது. அமெரிக்காவின் தெற்கே, பருத்தியும் கர்னல்களும் அமோகமாக விளைகிற ஒரு மாநிலத்துக்கு மட்டுமே கிடைத்தது. மாநிலத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் தேர்தல் நடக்கிறது.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்துநான்காம் வருஷம் அந்த மாநிலத்துக்கு ஒரு தலைநகரம் தேவைப்பட்டது. நிலம் தயாராக இருந்தது. அதில் பல தலைமுறைகளாகக் குடியிருந்த பூர்வகுடிகள், துப்பாக்கிகளுக்கு நடுவே நின்று, 'தாமாகவே விரும்பி' மேற்கே போய்விட்டிருந்தார்கள். ஆகவே சட்டசபை தீர்மானம் போட்டது: தலைநகரம் மாநிலத்தின் நட்ட நடு மையத்தில், நல்ல தண்ணீரும் நல்ல காற்றும் உள்ள இடத்தில் அமைய வேண்டும். இடம் பார்க்க மூவர் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது.

அந்த ஊர்ப்பக்கம் ஒரு குதிரை வைத்திருந்தால் கர்னல். இரண்டு வைத்திருந்தால் ஜெனரல். இருந்த குதிரையும் செத்துப்போயிருந்தால் நீதிபதி. கமிஷனில் மூன்று ரகமும் இருந்தன. தலைவர் ஜெனரல் ஹார்க்ரோவ். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். அடுத்தவர் நீதிபதி டட். கண்ணை மூடினால் திறக்கத் தெரியாதவர். மூன்றாமவர் கர்னல் விட்லோ. அவருக்கு ஆற்றோரம் தவளையைத் தவிர எதுவும் விளையாத முந்நூறு ஏக்கர் தாழ்வான நிலம் இருந்தது. பொதுத்தொண்டில் இறங்க அதைவிட வலுவான காரணம் என்ன வேண்டும்?

நில அளவைக்காரர் நாற்பது நாள் சங்கிலி பிடித்து அளந்தார். நாற்பத்தொன்றாம் நாள், ஆகஸ்ட் மாத வெயிலில், கெசையாவின் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு முளையை அடித்தார்.

கெசையா ஓடக்காரி. கறுப்பினப் பெண், ஆனால் யாருடைய சொத்தும் அல்ல. அந்தத் துறையின் பழைய ஓடக்காரர் சாகும்போது அவளுக்கு விடுதலைக் காகிதம், ஓடம், ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டு நிலம் மூன்றையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மேட்டில் ஒரு ஊற்று இருந்தது. வீடு இருந்தது. காகிதம் ஒரு தகரப்பெட்டியில், பெட்டி அவள் தலைமாட்டில்.

"ஐயா, இது என்ன முளை?"

"மையம்," என்றார் அளவைக்காரர்.

"எதுக்கு மையம்?"

"மாநிலத்துக்கு."

"என் கோழிக்கூண்டா?"

"கணக்குப்படி கூண்டுக்கு ரெண்டடி தள்ளி."

கமிஷன் மேட்டில் ஏறி வந்தது. ஜெனரல் ஊற்றுத் தண்ணீரைக் குடித்தார். காற்று வாங்கினார். சட்டம் சொன்ன இரண்டும் அங்கே இருந்தன.

"கெசையா, நீ பாக்கியசாலி," என்றார். "இந்த இடத்தைப் பொது நன்மைக்கு எடுத்துக்கப் போறோம்."

"நான் எங்க போறது தொரை?"

"அது தனி நன்மை. அதுக்குக் கமிஷன் போடலை."

"கோர்ட்டுல வந்து என் பக்கத்தைச் சொல்லலாமா?"

நீதிபதி டட் கண்ணைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார். "வெள்ளைக்காரங்களுக்கு எதிரா நீ பேசக்கூடாது. வரலாம். வந்து கேக்கலாம். தடையே கிடையாது."

இந்தக் கட்டத்தில் அகஸ்டோபொலிஸின் சரித்திரம் திசை மாறியது. திருப்பியது காற்று. கீழே, கர்னல் விட்லோவின் நிலத்தில், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மூன்று முழுப் பன்றிகள் குழி நெருப்பில் வெந்துகொண்டிருந்தன. ஹிக்கரி விறகு, மிளகாயும் வினிகரும் கலந்த பூச்சு. விருந்தை ஏற்பாடு செய்தவர் கர்னல். சமைத்தவன் ஆமோஸ். ஆமோஸ் கர்னலின் சொத்து, கெசையாவின் புருஷன். இந்த இரண்டு உண்மைகளில் சட்டம் முதலாவதை மட்டும் அறியும்.

அந்த நாட்டில் அரசியல் என்றால் பன்றிக் குழி. குழி வெட்டாமல் ஓட்டுக் கேட்டவனும் இல்லை, விலா எலும்பைக் கையில் பிடிக்காமல் கொள்கை பேசியவனும் இல்லை. ஜெனரல் "இந்தப் புனிதமான மேடு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். இருபது வருஷப் பொதுவாழ்வில் அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. மூக்கைத் தூக்கினார். மேட்டிலிருந்து இறங்கினார். கமிஷன் பின்னால் இறங்கியது. தன் வீட்டின் தலையெழுத்து எங்கே போகிறது என்று பார்க்க கெசையாவும் கூடவே இறங்கினாள்.

கீழே தரை காய்ந்து, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல். சுற்றிலும் பெரிய சைப்ரஸ் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும், ஜெனரலின் தொப்பிக்கு இரண்டு முழம் மேலே, ஒரே மட்டத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சேற்று நிறம், மேலே மர நிறம்.

முதல் பன்றி முடியும்போது கமிஷனுக்கு இடம் பிடித்துப்போயிற்று. இரண்டாவது முடியும்போது இது கடவுளே காட்டிய இடம் என்று தெரிந்துவிட்டது. கெசையாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி பொங்கியது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஓடக்காரியின் நாக்கு, தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லாது. சும்மாவும் இருக்காது.

"தொரை, மரத்துல அந்தக் கோடு தெரியுதா?"

"தெரியுது. அழகா இருக்கு."

"அது தண்ணி வந்த கோடு. மழை மிஞ்சின வருஷம் மார்ச் மாசம் ஆறு அதுவரைக்கும் ஏறும்."

ஜெனரல் சிரித்தார். கமிஷனும் சிரித்தது. "கேட்டீங்களா கர்னல்? ஆறு மரம் ஏறுமாம்!"

"குரங்கு ஏறும், ஆறு ஏறாது," என்றார் கர்னல் விட்லோ, வியர்வையைத் துடைத்தபடி.

நீதிபதி டட் ஒரு கண்ணைத் திறந்து கோட்டைப் பார்த்தார். "எல்லா மரத்துலயும் ஒரே மட்டம். இந்த இடத்தை இயற்கையே அளந்து வெச்சிருக்கு. நாம மட்டம் பார்க்கற வேலைகூட மிச்சம்."

இந்த விளக்கம் கமிஷன் அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில், 'இயற்கையின் முன்னேற்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் அப்படியே பதிவாயிற்று.

அளவைக்காரர் மட்டும் முனகினார். "மையம் ஒண்ணரை மைல் அந்தப் பக்கம் இருக்குங்க."

"மக்கள் எங்க கூடுறாங்களோ அதுதான் மையம்," என்றார் ஜெனரல். "மக்கள் எங்க கூடியிருக்காங்க?"

"பன்னிக்குப் பக்கத்துல."

"முளையைப் பிடுங்கிட்டு வா."

அளவைக்காரருக்கு ஒரு விலா எலும்பு தரப்பட்டது. கணிதம் ஒத்துக்கொண்டது.

கூட்டம் கலைந்த பிறகு ஆமோஸ் குழியில் மண் தள்ளிக்கொண்டே கேட்டான். "ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? அவனுங்களே உன் மேட்டை விட்டுட்டுப் போறானுங்க. நீ எதுக்குத் தண்ணி வரும்னு சொல்லித் திருப்பிக் கூப்பிடுற?"

"சொல்லலைன்னா தூக்கம் வராதுய்யா."

"சொன்னியே, கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நல்லாத் தூங்கு."

நகரம் வளர்ந்தது. ஜெனரல் ஹார்க்ரோவ் பதினாறு மாதத்தில் சட்டசபை மாளிகையைத் தன் 'சொந்த உழைப்பில்' கட்டி முடித்தார் என்று ஆவணங்கள் சொல்கின்றன. அவர் ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லை என்பதால் இந்தச் சாதனை இன்னும் பெரியது. செங்கல்லைத் தொட்டவர்கள் ஆமோஸும் இன்னும் அறுபது பேரும். அவர்கள் பெயரை எழுத ஆவணத்தில் இடம் போதவில்லை. ஜெனரலுக்கு நான்கு பெயர், நான்கும் நீளம். நகரத்துக்கு அகஸ்டோபொலிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. ஓடக்காரர்கள் 'சேறு' என்று சொன்னார்கள். "சேறுக்குப் போகணும்னா ஏறிக்குங்க" என்று கெசையா கூவுவாள்.

ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு ஜனவரியில் முதல் சட்டசபை கூடியது. கமிஷன் மூவரும் உட்பட இருபத்துமூன்று உறுப்பினர்கள். முதல் சட்டம், உறுப்பினர்கள் தங்களுக்குத் தாங்களே நன்றி தெரிவித்துக்கொண்டது. இரண்டாவது, சபை நேரத்தில் தவளைகள் கத்தக்கூடாது என்றது. மூன்றாவது, எசமான் எழுதித் தந்த அனுமதிக் கைச்சீட்டு இல்லாமல் அடிமையை ஓடத்தில் ஏற்றினால் ஓடக்காரருக்குச் சிறை. நான்காவது சட்டத்தை நீதிபதி டட் அவரே ஓடத்துறைக்கு வந்து கெசையாவிடம் வாசித்துக் காட்டினார்.

"சுதந்திரமான கறுப்பர்கள் யாராக இருந்தாலும், தலைநகரின் பாதுகாப்பையும் மன அமைதியையும் முன்னிட்டு, மார்ச் பதினைந்து சூரிய அஸ்தமனத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும்."

"நான் என்ன செஞ்சேன் தொரை?"

"ஒண்ணும் செய்யலை. அதான் கவலை. யாருக்கும் சொந்தமில்லாம, ஒண்ணும் செய்யாம, நல்லாவே இருக்க. அதைப் பார்த்தா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"ஆமோஸ்?"

"அவன் கர்னலோட சொத்து. சொத்தை எப்படி வெளியேத்தறது? அநியாயமில்லையா?"

நீதிபதி நியாயஸ்தர். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. அப்புறம் ஓடத்தில் ஏறி, அக்கரைக்கு அவளையே கழி ஊன்றி ஓட்டச் சொன்னார்.

கெசையா அழுது பார்த்தாள். ஆமோஸ் கர்னலிடம் கெஞ்சிப் பார்த்தான். கர்னல், "வேற பொண்ணு பாத்துத் தரேன்டா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மார்ச் வந்தது. பத்து நாள் மழை பெய்தது. இப்போது அவளுக்கு ஊரிலேயே யாரும் கேட்காத ஒரே விஷயம் தெரிந்திருந்தது: ஆறு ஏறப்போகிறது. ஆனால் அதை ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

மார்ச் பதினைந்து காலை அவள் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிரஜையாக மூட்டை கட்டினாள். கோழிக்கூண்டு, சோளமாவு, தகரப்பெட்டி. எல்லாவற்றையும் ஓடத்தில் ஏற்றி அவிழ்த்துவிட்டாள். வழக்கமாக மூன்று நாள் தூரம்; இந்த வெள்ளத்தோடு போனால் பொழுது சாயும்முன் மாநில எல்லை. ஆமோஸை ஒரு தடவை தூரத்திலிருந்தாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று சட்டசபைப் பக்கம் திரும்பினாள்.

சட்டசபை இல்லை. கூரை இருந்தது. கூரைமேல் இருபத்துமூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள். மாநில வரலாற்றில் வருகை முழு எண்ணிக்கையாக இருந்த முதல் கூட்டம் அது. ஓரத்தில், கர்னலுக்குக் காலை ஆகாரம் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட ஆமோஸ், கையில் கூடையோடு நின்றான். கீழே மண்டபத்தில் தவளைகள் சபை நேரத்திலேயே கத்திக்கொண்டிருந்தன. சுற்றியிருந்த சைப்ரஸ் மரங்களில் தண்ணீர் கோட்டைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

"கெசையா!" என்று கத்தினார் ஜெனரல். "இங்க வா! சீக்கிரம்!"

அவள் பக்கத்தில் வந்து, ஒரு மரத்தில் கயிற்றைப் போட்டு நிறுத்தினாள். "வணக்கம் தொரை. நேரமில்லை. கிளம்பிட்டேன்."

"எங்க கிளம்பிட்ட?"

"மாநிலத்தை விட்டு. இன்னிக்கு அஸ்தமனத்தோட கெடு முடியுது. ஏற்கெனவே லேட்டு. ஆத்துலயே பொழுது சாஞ்சா நான் குத்தவாளி."

"அதெல்லாம் பாத்துக்கலாம், எங்களை ஏத்திக்கோ!"

"நீங்க பாத்துக்குவீங்க. சட்டம் பாத்துக்குமா?"

நீதிபதி டட்டுக்கு இரண்டு கண்ணும் திறந்திருந்தன. பார்த்தவர்கள் அபூர்வமான காட்சி என்றார்கள். "சட்டத்தைச் சபை மாத்தலாம்," என்றார். "ஆனா சபை கூடணுமே."

"எல்லாரும் இங்கதான இருக்கீங்க?" என்றாள் கெசையா.

இருபத்துமூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுப்பதற்கு வழியில்லை.

"மசோதாவை மூணு வெவ்வேற நாள்ல மூணு தடவை வாசிக்கணும்," என்று ஒரு உறுப்பினர் விதியைக் கிளப்பினார். அப்போது தண்ணீர் அவர் பூட்சுக்குள் போயிற்று. விதியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அவரே முன்மொழிந்தார். காகிதம் நனைந்துவிட்டிருந்தது, காய்ந்து இருந்தது ஒன்றே ஒன்று, ஜெனரல் சட்டைக்குள் வைத்திருந்த நாற்பது பக்க நகர நிர்மாணச் சொற்பொழிவு. முதல் பக்கத்தின் பின்புறத்தில் எழுதினார்கள். சபைச் செயலாளர் வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய பொருட்கள் இரண்டு: மாநில முத்திரை, ஒரு ஜாடி பீச் பழச் சாராயம். இரண்டும் உபயோகப்பட்டன.

"கெசையா என்கிற ஓடக்காரிக்கு நாலாவது சட்டத்துலேர்ந்து விலக்கு. ஒருமனதா நிறைவேறிச்சு. போதுமா?" என்றார் ஜெனரல். "கிட்ட வா."

"வரேன் தொரை. ஆனா இந்த வெள்ளத்துல ஒரு ஆள் கழி போட்டா ஓடம் சுத்தும். ரெண்டாவது ஆள் வேணும். கழி பிடிக்கத் தெரிஞ்சவன் உங்க கூரையில ஒருத்தன்தான் இருக்கான்."

"ஆமோஸ், இறங்குடா!"

"ஐயோ, கைச்சீட்டு இல்லாம ஏத்துனா எனக்குச் சிறைங்களே. மூணாவது சட்டம்."

கர்னல் விட்லோ பல்லைக் கடித்தார். "இப்பவே கைச்சீட்டு எழுதித் தரேன்!"

"கைச்சீட்டு இன்னிக்கு மட்டும்தான் செல்லும். தண்ணி எத்தனை நாள் நிக்குமோ?" கெசையா மரத்துக் கோட்டைப் பார்த்தாள். "இப்பல்லாம் அடிமையை விடுதலை பண்ண சபையாலதான் முடியும்னு நீதிபதி தொரை சொல்லியிருக்காரு. சபை இருக்கு. எசமான் இருக்காரு. முத்திரைகூடக் காய்ஞ்சிருக்கு."

"முடியாது!" என்றார் கர்னல். "அவன் என் சொத்து. இந்த ஊர்ல அவனை மாதிரிப் பன்னி சுட ஆள் கிடையாது. இந்த நகரமே அவன் சமையல்லதான் நிக்குது!"

"எங்க நிக்குது?" என்றார் நீதிபதி.

இருபத்திரண்டு பேரும் திரும்பி, இந்த முந்நூறு ஏக்கரை மாநிலத்துக்கு விற்ற மனிதரைப் பார்த்தார்கள். பார்த்தபடியே ஓரடி நெருங்கினார்கள். கூரை சறுக்கலானது. கர்னலுக்கு நீச்சல் தெரியாது. மனித சுதந்திரத்தைப் பற்றிய உயர்ந்த சிந்தனைகள் அவர் உள்ளத்தில் அந்தக் கணத்தில்தான் உதித்தன என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

ஆமோஸின் விடுதலையும் விலக்கும் அதே காகிதத்தில் சேர்ந்தன. கர்னல் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. கெசையா அந்தக் காகிதத்தை வாங்கி, தகரப்பெட்டியைத் திறந்து, தன் காகிதத்தின்மேல் வைத்து மூடினாள். அப்புறம்தான் கயிற்றை அவிழ்த்தாள்.

ஆமோஸ் கூடையோடு ஓடத்தில் குதித்தான். "ஏ புள்ள," என்றான், குரல் உடைந்து. "நீ என்னைப் பாக்க வந்தியா, சபை நடத்த வந்தியா?"

"கழியைப் பிடிய்யா. அழுறதை அக்கரையில வெச்சுக்கலாம். இந்த ஆத்துக்கு இன்னும் தண்ணி சேர்க்காத."

நான்கு நடையில் இருபத்துமூன்று பேரையும் மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பதினோரு நாள் தண்ணீர் வடியவில்லை. பதினோரு நாளும் மாநிலத்தின் ஆட்சி கெசையாவின் அடுப்படியில், சோளக்கூழும் சோளரொட்டியும் தின்றுகொண்டு நடந்தது. கோழிக்கூண்டு பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. பக்கத்தில் முளை பிடுங்கிய குழி இன்னும் இருந்தது. சட்டம் கேட்டபடியே நட்ட நடு மையம், நல்ல தண்ணீர், நல்ல காற்று. மாநிலத்தின் தலைநகரம் சட்டப்படி சரியான இடத்தில் இருந்தது அந்தப் பதினோரு நாள் மட்டுமே.

பன்னிரண்டாம் நாள் எல்லோரும் சேற்றைக் கழுவிவிட்டுத் திரும்பிப் போனார்கள். நகரத்தை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். தெருக்களுக்கு ஏற்கெனவே தங்கள் பெயரை வைத்தாயிற்று என்று மற்றவர்கள் நினைவுபடுத்தினார்கள். நான்காவது சட்டத்தையே எடுத்துவிடலாமா என்று நீதிபதி டட் கேட்டதாக ஒரு வதந்தி உண்டு. கேட்டுவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். விலக்கு இரண்டு பேருக்கு மட்டும் நின்றது. மற்றச் சுதந்திரக் கறுப்பர்கள் மூட்டை கட்டினார்கள்.

அவர்களைக் கெசையாவும் ஆமோஸும் தங்கள் ஓடத்தில் எல்லைவரை கொண்டுபோய் விட்டார்கள். அந்த வருஷத்திலிருந்து கெசையாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. அக்கரை மரத்தில் இருக்கும் கொக்கு எந்தக் காலில் நிற்கிறது என்று சொல்லுவாள். ஓடத்தில் ஏறுகிறவரின் கையில் கைச்சீட்டு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் சாகும்வரை தெரியவே இல்லை.

அகஸ்டோபொலிஸ் சட்டசபையில் இன்றைக்கும் ஒரு பெரிய ஓவியம் தொங்குகிறது. நீல வானம், பச்சைப் புல், ஜெனரல் ஹார்க்ரோவ் விரலை நீட்டி இடத்தைக் காட்டுகிறார். கெசையா அதில் இல்லை, ஆமோஸ் இல்லை, பன்றிகள்கூட இல்லை. ஆனால் ஓவியன் பார்த்ததை வரைகிறவன் போலிருக்கிறது. பின்னால் நிற்கும் மரங்களில் அந்தக் கோட்டை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறான், எல்லாத் தலைகளுக்கும் மேலே.

இந்த நகரத்தை நிறுவிய பெரியவர்கள் நல்ல வார்த்தையைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் என்று யாரும் பழி சொல்லிவிட முடியாது. போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருடைய நியாயம் அவர்கள் காதில் விழுவதற்கு ஒரு ஆறு முழுக்கத் தேவைப்பட்டது. மற்றவர்களுக்குப் போதுமான தண்ணீர் அந்த மாநிலத்தில் இல்லை.